மார்க்கரா, அட்டையா, கோட்டையா: குரூப் 4-க்குப் படிக்கிறவர் எதைப் பிடிப்பது?

குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 3 மணி நேரம், 300 மதிப்பெண். 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் மனத்திறனும். படிக்க வேண்டியது ஆறாம் வகுப்பிலிருந்து மேலே உள்ள அரசுப் பள்ளிப் புத்தகங்கள், ஒரு பெரிய கட்டு. வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் உட்கார்ந்து படிப்பவர்களைப் பற்றி இங்கே பேசவில்லை. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியிலோ, ஆற்காட்டில் ஒரு ஜவுளிக் கடையிலோ, சத்துவாச்சாரியில் ஒரு ஆபீஸிலோ வேலை பார்த்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்றரை மணி நேரம் புத்தகத்தைத் திறக்கிறவர்களுக்காக இது. அந்த ஒன்றரை மணி நேரத்தை எந்த முறைக்குக் கொடுப்பது?

என் அக்கா மகள் அப்படிப் படிக்கிறவள்தான். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: "படிக்கும்போது எல்லாம் தெரியுது மாமா. கேள்வித்தாளப் பாத்தா நாலு பதிலும் சரி மாதிரியே இருக்குது." பாதி விஷயம் இதிலேயே இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

முறைகளை ஒப்பிடுவதற்கு முன்னால் எங்கே கோட்டை விடுகிறோம் என்று தெரிய வேண்டும். நாம் மறப்பது மூன்று இடங்களில் நடக்கிறது. முதலாவது, விஷயம் உள்ளேயே போகாதது. ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியது மிகக் குறைவு. ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம் என்று ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். நெல்சன் கோவன் 2001-இல் அதை நான்கு அளவுக்குக் குறைத்தார். அந்த நாலு இடத்தில் ஒன்றை வாட்ஸ்அப் சத்தமும் இன்னொன்றைப் பக்கத்து அறை சீரியலும் பிடித்துக்கொண்டால் பாடத்துக்கு என்ன மிஞ்சும்?

இரண்டாவது, உள்ளே போய்த் தேய்வது. ஹெர்மான் எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, திரும்பப் படிக்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று தன்னையே அளந்து 1885-இல் வெளியிட்டார். 20 நிமிடத்தில் 58 சதவீதம் மிச்சம். ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. 31 நாள் கழித்து 21. அர்த்தமுள்ள பாடம் இவ்வளவு வேகமாகக் கரையாது என்பது உண்மைதான். ஆனால் வளைவின் வடிவம் கவனிக்க வேண்டியது: முதல் நாளில் செங்குத்தாக விழுகிறது, அப்புறம் ஏறக்குறைய படுத்துவிடுகிறது. மறுநாள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

மூன்றாவது, உள்ளே இருந்தும் வெளியே வராதது. பெயர் நாக்கு நுனியில் நிற்கும், வராது. ஹாலை விட்டு வெளியே வந்து டீக்கடையில் நிற்கும்போது வந்துவிடும். அதாவது அது அழியவில்லை, இழுக்கும் கயிறுதான் கையில் இல்லை.

தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டுக்குத்தான் பயப்படுகிறார்கள். ஹாலில் காலை வாருவது மூன்றாவது. ஆகவே ஒவ்வொரு முறையையும் ஒரே கேள்வி கேட்டு எடைபோடலாம்: இது வெளியே இழுப்பதைப் பழக்குகிறதா, உள்ளே தள்ளுவதை மட்டும் பழக்குகிறதா?

மார்க்கர்

ஐந்து கலர் மார்க்கர் பாக்கெட் வாங்காத மாணவர் அபூர்வம். புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதும், வரிக்கு வரி மஞ்சள் அடிப்பதும் எல்லாரும் பிடிக்கும் வழி. அதில் சுகம் இருக்கிறது. மூன்றாம் தடவை வாசிக்கும்போது வரிகள் வழுக்கிக்கொண்டு ஓடும், எல்லாம் தெரிந்ததாகத் தோன்றும். அந்தத் தோற்றம்தான் ஆபத்து.

வேலூர்ப் புரட்சிப் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1806 ஜூலை 10. தளபதி ஜான் கிரடாக், கவர்னர் வில்லியம் பெண்டிங், தலைப்பாகையை வடிவமைத்த அக்னியூ, கோட்டைக்குள் கொல்லப்பட்ட ஃபேன்கோர்ட், ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு ஓடிவந்து அடக்கிய கில்லெஸ்பி. ஐந்து பெயரும் ஒரே இரண்டு பக்கத்தில் வருகின்றன. ஐந்தின் மேலும் மஞ்சள் அடித்தாயிற்று, ஐந்தும் பழகிய முகம். இப்போது கேள்வி: "ஆற்காட்டிலிருந்து உதவிப் படையுடன் வந்தவர் யார்?" பதில்கள்: கிரடாக், அக்னியூ, கில்லெஸ்பி, ஃபேன்கோர்ட். முகம் பழகியிருப்பது இங்கே எதற்கு உதவும்? நாலு பேருமே பழகியவர்கள்தானே. யார் என்ன செய்தார் என்ற முடிச்சு மனத்தில் இல்லையென்றால் நாலும் சரி மாதிரிதான் இருக்கும். அக்கா மகள் சொன்னது இதைத்தான்.

"பதிலைத்தான் கொடுத்துவிடுகிறார்களே, பார்த்து அடையாளம் கண்டால் போதாதா" என்று வாதாடுகிறவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள். அடையாளம் காண்பது நினைவுக்குக் கொண்டுவருவதைவிட எளிது என்பது சரி. ஆனால் கேள்வி எடுப்பவருக்கும் அது தெரியும். ஒரே பாடத்திலிருந்து நாலு பெயரைப் போடுவதே அதற்காகத்தான்.

ஜான் டன்லோஸ்கியும் கூட்டாளிகளும் 2013-இல் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன ஆதாரம் இருக்கிறது என்று அலசினார்கள். மறுவாசிப்பு, கோடு போடுவது, சுருக்கம் எழுதுவது மூன்றும் அடித்தட்டில் விழுந்தன. மேல்தட்டுக்குப் போனவை இரண்டே: தன்னைத் தானே சோதிப்பது, இடைவெளி விட்டுப் படிப்பது. மார்க்கரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. முதல் வாசிப்பில் எதைப் பிறகு கேள்வியாக்கலாம் என்று குறித்துவைக்க அது போதும். அதோடு அதன் வேலை முடிந்தது.

நோட்ஸ் எடுப்பதைப் பற்றி இரண்டு வரி. புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதும் நோட்ஸ் கைக்குத்தான் பயிற்சி. புத்தகத்தை மூடிவிட்டு எழுதினால் அது வேறு முறை. அடுத்து அதுதான்.

மூடிவைத்துச் சொல்வது

ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட சோதனை இது. ஒரு குழு ஒரு பகுதியை நான்கு தடவை வாசித்தது. இன்னொரு குழு ஒரே தடவை வாசித்துவிட்டு, மீதி மூன்று தடவையும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் வாசித்தவர்கள் ஜெயித்தார்கள்: வாசித்தவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கதை தலைகீழ்: வாசித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. வேடிக்கை என்னவென்றால், ஒரு வாரம் கழித்து யாருக்கு அதிகம் நினைவிருக்கும் என்று அவர்களையே கேட்டபோது, வாசித்த குழுதான் அதிக நம்பிக்கையோடு இருந்தது.

மனம் என்பது பீரோவில் புடவை அடுக்குவது மாதிரி என்று நினைக்கிறோம். எடுத்துப் பார்த்தால் புடவை அப்படியே இருக்க வேண்டும். மனத்தில் அப்படி இல்லை, எடுக்கும் வேலையே உள்ளே இருப்பதை மாற்றுகிறது. ஒரு தடவை சிரமப்பட்டு இழுத்தது அடுத்த தடவை சுலபமாக வரும்.

இந்த முறைக்குக் காசு வேண்டாம், கருவி வேண்டாம். ஒரு பாடத்தை வாசி, புத்தகத்தை மூடு, தெரிந்ததை வெள்ளைத்தாளில் கிறுக்கு, திறந்து விட்டுப்போனதை வேறு பேனாவில் எழுது. குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: மனம் கசக்கும். ஒரு பாடம் முழுக்க வாசித்துவிட்டுத் தாளில் ஆறு வரிதான் வருகிறது என்றால் யாருக்குத்தான் வெறுக்காது? மறுவாசிப்பில் கிடைக்கும் அந்த இதமான பொய் இங்கே கிடைக்காது. முதல் இரண்டு வாரத்தில் விடுகிறவர்கள் இதனால்தான் விடுகிறார்கள்.

பழைய வினாத்தாள் போடுவதும் இதே வகைதான், ஒரு எச்சரிக்கையோடு. நாலு விருப்பத்தில் தவறானதை டிக் அடித்துவிட்டு, சரியான விடையைப் பார்க்காமல் விட்டால், அந்தத் தவறே மனத்தில் உட்கார்ந்துவிட வாய்ப்புண்டு. ரோடிகரும் எலிசபெத் மார்ஷும் 2005-இல் இதைக் காட்டினார்கள். விடையைச் சரிபார்க்காத மாதிரித் தேர்வு, மாதிரித் தேர்வே இல்லாததைவிட மோசம் என்றுகூடச் சில சமயம் தோன்றுகிறது. டெலிகிராம் குழுக்களில் யாரோ போடும் தினசரி வினாக்களின் விடைக்குறிப்பே தப்பாக இருந்தால்? புத்தகத்தில் பக்கம் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

அட்டைப்பெட்டியும் ஆப்பும்

இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பதை ஒழுங்காகச் செய்ய இரண்டு வழி. ஒன்று, செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970-களில் ஜெர்மன் மொழியில் எழுதிப் பரப்பிய பெட்டி முறை. நம் ஊருக்கு இது ரொம்பச் சுலபம், ஷூ டப்பாவுக்கா பஞ்சம்? ஒரு டப்பாவை எடுத்துக் குறுக்கே அட்டை வைத்து ஐந்து தடுப்பு செய்யுங்கள். எல்லாக் கேள்வி அட்டையும் முதல் தடுப்பில் தொடங்கும். சரியாகச் சொன்னால் அடுத்த தடுப்புக்குப் போகும், தப்பினால் எங்கே இருந்தாலும் முதல் தடுப்புக்குத் திரும்பும். முதல் தடுப்பைத் தினமும் பார்க்க வேண்டும், இரண்டாவதை ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்றாவதை வாரம் ஒரு தடவை, நான்காவதை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஐந்தாவதை மாதம் ஒரு தடவை. தெரிந்ததில் நேரம் வீணாகாமல், தெரியாதது மட்டும் திரும்பத் திரும்ப முன்னால் வந்து நிற்கும்.

இடைவெளி எவ்வளவு என்பதை நிக்கலஸ் செப்பேடாவும் குழுவினரும் 2008-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரு வாரம் நினைவிருந்தால் போதும் என்றால் இரண்டு படிப்புக்கும் நடுவே ஒரு நாள் நல்லது. ஏறக்குறைய ஒரு வருடம் இருக்க வேண்டும் என்றால் மூன்று வாரம் அளவுக்கு விடலாம். தேர்வு தூரத்தில் இருந்தால் இடைவெளியை நீட்டலாம், நெருங்கினால் குறுக்க வேண்டும்.

அட்டை எழுதுவதில்தான் பலர் கெடுக்கிறார்கள். ஒரு பக்கம் "வேலூர்ப் புரட்சி", மறுபக்கம் பத்து வரி. இதைப் பார்த்துவிட்டு "தெரியும்" என்று அடுத்த தடுப்புக்குத் தள்ளிவிடுவீர்கள், பத்தில் ஏழுதான் தெரிந்தது என்பது தெரியாமலே. அதையே இப்படி உடைக்கலாம். "1806: ஆற்காட்டிலிருந்து வந்து அடக்கியவர்?" மறுபக்கம் "கில்லெஸ்பி". இன்னொன்று: "புதிய தலைப்பாகைக்கு உத்தரவிட்ட தளபதி?" மறுபக்கம் "கிரடாக்". மூன்றாவது: "கிரடாக், அக்னியூ: தலைப்பாகையில் யார் பங்கு என்ன?" மறுபக்கம் "உத்தரவு கிரடாக், வடிவம் அக்னியூ". குழம்புகிற இரண்டு பெயரை ஒரே அட்டையில் மோதவிடுவதுதான் நாலு விருப்பத்துக்குச் சரியான பயிற்சி.

இரண்டாவது வழி ஆப். ஆங்கி என்ற இலவச மென்பொருள் ஆண்ட்ராய்டு போனில் ஓடும், தமிழ் எழுத்து பிரச்சினை இல்லை. எந்த அட்டையை எந்த நாள் காட்டுவது என்ற கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும். பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்குப் போன்தான் வசதி, இரண்டு கையும் வேண்டிய காகித அட்டை அங்கே உதவாது. ஆனால் இரண்டு தொல்லை. ஒன்று, அதே போனில்தான் ரீல்ஸும் இருக்கிறது. இரண்டு, நாலு நாள் கல்யாணம் கருமாதி என்று விட்டுவிட்டால், பார்க்க வேண்டிய அட்டைகள் நூற்றுக்கணக்கில் குவிந்து நிற்கும். அதைப் பார்த்ததும் ஆப்பையே திறக்க மனம் வராது. இன்னொருவர் செய்த அட்டைத் தொகுப்பை இறக்கிக்கொள்வதையும் நான் ஊக்கப்படுத்த மாட்டேன். எதைக் கேள்வியாக்குவது என்று யோசித்து எழுதும்போதே பாடத்தில் கால்வாசி ஏறிவிடுகிறது.

எது மேல் என்று கேட்டால் என் ஓட்டு ஷூ டப்பாவுக்கு. மேசைமேல் கண்ணுக்கு எதிரே இருக்கும், எவ்வளவு சேர்ந்தது என்று தெரியும், அதில் நோட்டிபிகேஷன் வராது. தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்கிறவர்களுக்கு மட்டும் ஆப்.

இந்த முறை ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. மேல்விஷாரத்திலும் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் குர்ஆனை முழுக்க மனனம் செய்யும் பிள்ளைகளைப் பாருங்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வசனங்கள். ஒவ்வொரு நாளும் உஸ்தாத், அதாவது ஆசிரியர், முன்னால் புதுப் பாடம் ஒப்பிக்க வேண்டும், அண்மையில் படித்த பக்கங்களை ஒப்பிக்க வேண்டும், எப்போதோ முடித்த பழைய பகுதியில் ஒரு பங்கையும் ஒப்பிக்க வேண்டும். முழுக்க மனனம் செய்து ஹாபிஸ் ஆன பிறகும் விடுதலை இல்லை. ரமலான் இரவுத் தொழுகையில் பார்க்காமல் ஓத வேண்டும், பின்னால் இன்னொரு ஹாபிஸ் நின்று சறுக்கும் இடத்தில் எடுத்துக்கொடுப்பார். சோதனை, இடைவெளி, உடனடித் திருத்தம் மூன்றும் அதில் இருக்கின்றன. ஷூ டப்பா இதைவிடப் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

கோட்டை

தெரிந்த இடத்தில் மனத்தால் நடந்துபோய், ஒவ்வொரு மூலையிலும் ஒரு விஷயத்தைப் பார்த்தபடி வைப்பது பழைய கிரேக்க, ரோமப் பேச்சாளர்களின் வித்தை. வேலூர்க்காரருக்கு இதற்குக் கோட்டையைவிடத் தோதான இடம் கிடையாது, உள்ளே போக வழி ஒன்றுதான், வரிசை குழம்பாது. அரசியலமைப்பின் 12 அட்டவணைகளை வைத்துப் பார்ப்போம். அகழித் தண்ணீரில் மாநிலங்களின் வரைபடங்கள் மிதக்கின்றன: முதல் அட்டவணை. அகழிமேல் பாலத்தில் குடியரசுத் தலைவரும் கவர்னர்களும் சம்பளக் கவருக்கு வரிசையில் நிற்கிறார்கள்: இரண்டாவது. வாசலில் அமைச்சர்கள் கையை உயர்த்திப் பதவிப் பிரமாணம் எடுக்கிறார்கள்: மூன்றாவது. ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தில் நிலைக்கு நிலை மாநிலங்களவை எம்.பி.க்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்: நான்காவது. இப்படிக் கல்யாண மண்டபம், தேவாலயம், அருங்காட்சியகம் என்று போய், பத்தாவது இடமாக மதில்மேல் ஏறினால் அங்கே ஒருவர் கொடியை மாற்றிக்கொண்டு அகழிக்குள் குதிக்கிறார்: கட்சித் தாவல். இதை ஒரு தடவை உண்மையாகக் கண்ணால் கண்டுவிட்டால் பத்தாவது அட்டவணை ஜென்மத்துக்கும் மறக்காது.

மார்ட்டின் டிரெஸ்லரின் குழு 2017-இல் வெளியிட்டதில், சாதாரண ஆட்களுக்கு ஆறு வாரம், தினம் அரை மணி நேரம் இந்தப் பயிற்சி கொடுத்தார்கள். 72 சொற்களில் 26 அளவில் சொன்னவர்கள் 62 வரை போனார்கள். மூளையில் பிறவி வித்தை எதுவும் தேவையில்லை. நம்மிலும் கோட்டாறு செய்குதம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் செய்தார், ஒரே சமயத்தில் நூறு விஷயம். அவதானியின் பயிற்சி ஆயுள் பயிற்சி, நமக்கு ஆறு மாதம்தான் இருக்கிறது என்பது வேறு.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் இதை முதல் முறையாகச் சொல்லவில்லை? காரணம் உண்டு. வரிசையாக, பட்டியலாக உள்ளவற்றுக்கு மட்டும்தான் இது. சிந்துவெளியின் வடிகால் அமைப்பை விளக்கு என்றால் கோட்டை கைகொடுக்காது. ஒரு பட்டியலை வைக்க அரை மணி நேரம் போய்விடும். அதே கோட்டையில் அடுத்த வாரம் வேறு பட்டியலை வைத்தால் பழைய எம்.பி.க்கள் கோபுரத்தைவிட்டு இறங்க மாட்டார்கள். இரண்டாவது பட்டியலுக்கு வேறு பாதை வேண்டும். காட்பாடி ரயில் நிலையம், விருதம்பட்டு, பாலாற்றுப் பாலம், புதிய பேருந்து நிலையம் என்று தினமும் போகிற வழியே போதும். மொத்தத்தில் ஐந்தாறு பட்டியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

பாட்டு

தமிழ்ப் பகுதிக்கு நம்மவர்கள் முன்பே ஒரு முறை செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எட்டுத்தொகை நூல்கள் எவை என்று கேட்டால் "நற்றிணை நல்ல குறுந்தொகை ஐங்குறுநூறு" என்று தொடங்கும் வெண்பா தானாக வாயில் வருகிறதல்லவா. பதினெண்கீழ்க்கணக்குக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. இவற்றின் கெட்டிக்காரத்தனம் ஓசையில். ஒரு நூலின் பெயரை விட்டுவிட்டால் சீர் தட்டுகிறது, காது "எங்கோ ஒன்று குறைகிறது" என்று சொல்லிவிடுகிறது. "நல்ல", "ஒத்த", "ஓங்கு" என்று வரும் அடைகள் ஒவ்வொரு பெயருக்கும் அதன் இடத்தைப் பிடித்துவைத்திருக்கின்றன. அந்தாதியும் இதே தந்திரம்தான், ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டின் முதல் சொல்லை இழுத்துவரும். மறதியைத் தானே காட்டிக்கொடுக்கும் முறை வேறு எதுவும் இந்த ஒப்பீட்டில் இல்லை.

ஆனால் பாட்டுக்குள் நடுவே நுழைய முடியாது. "ஐந்தாவது எது?" என்றால் முதலிலிருந்து விரல் விட்டுச் சொல்லித்தான் வர வேண்டும். ஹாலில் அதற்குப் பத்து விநாடி ஆகும், பரவாயில்லை. ஏற்கெனவே இருக்கும் பாட்டைப் படியுங்கள், புதிதாகப் பாட்டுக் கட்டப் புறப்பட்டால் ராத்திரி முழுக்க எதுகை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இந்த ஐந்திலும் சேராதது கணக்கு. ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்கு 1953-இல் வலிப்புக்காக அறுவை செய்து, ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பாகத்தை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு அவர் மனத்தில் புதிய நிகழ்ச்சி எதுவும் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் வேலையை பிரெண்டா மில்னர் கொடுத்தபோது, நாளுக்கு நாள் கை தேறியது, முந்தின நாள் வரைந்ததே அவருக்குத் தெரியாது. தகவல் நினைவும் கைப்பழக்க நினைவும் வேறு வேறு பாதையில் போகின்றன என்பது அவரால் தெரிந்தது. தனிவட்டி, கூட்டுவட்டிச் சூத்திரத்தை அட்டையில் எழுதலாம். கணக்கு மட்டும் பேனாவைப் பிடித்துப் போட்டுப் போட்டுத்தான் வரும். அந்த 25 கேள்விக்கு வாரத்தில் இரண்டு ராத்திரி தனியாக ஒதுக்குங்கள், மற்றதோடு கலக்காதீர்கள்.

பழைய பாடம் புதியதை மறைப்பது இன்னொரு சங்கடம், நம் மாவட்டத்தில் அது அதிகம். வட ஆற்காடு 1989-இல் பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போயிற்று. மீதிக்குப் பிறகு வேலூர் மாவட்டம் என்று பெயர் வந்தது. 2019-இல் அதுவும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. என் அத்தை இன்றைக்கும் கடிதத்தில் "வட ஆற்காடு" என்றுதான் எழுதுவார், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, முதலில் ஆழமாக ஏறியது அது. தேர்வு எழுதுகிறவர் நிலையும் அதுதான். பழைய கைடில் தமிழகத்துக்கு 32 மாவட்டம், இப்போது 38. புது எண்ணை மட்டும் அட்டையில் எழுதினால் ஹாலில் பழையது முந்திக்கொண்டு வரும். "32 எப்போது வரை? இப்போது எத்தனை? கடைசியாக வந்தது எது?" என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். விடை: 2019 நவம்பர் வரை, 38, 2020-இல் மயிலாடுதுறை. பழையதை அழிக்க முடியாது, அதன்மேல் தேதி குத்தி வைக்கலாம்.

எங்கே உட்கார்ந்து படிப்பது என்பதற்குப் பலர் தேவையில்லாமல் கவலைப்படுகிறார்கள். கடலுக்கடியில் படித்ததைக் கடலுக்கடியில்தான் நன்றாகச் சொன்னார்கள் என்று 1975-இல் காடனும் பேட்லியும் முக்குளிப்பவர்களை வைத்துக் காட்டியது பிரபலம். 2021-இல் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. நூலகமோ வீட்டு மாடியோ, சித்திரை வெயிலில் எங்கே காற்று வருகிறதோ அங்கே உட்காருங்கள். தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் 1924-இலேயே பார்த்தது: படித்துவிட்டுத் தூங்கினால் மறதி குறைவு, படித்துவிட்டு விழித்திருந்தால் அதிகம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கிறவர்களுக்கு இது நல்ல செய்திதான், படித்ததும் போனைத் தொடாமல் படுத்தால்.

என் அக்கா மகளுக்குச் சொன்ன பங்கீடு இது. முதல் அரை மணி நேரம் டப்பா, முதல் தடுப்பும் அன்றைக்கு வரும் தடுப்புகளும். அடுத்த முக்கால் மணி நேரம் புதுப் பாடம், மார்க்கரால் குறித்து, மூடிவைத்து எழுதி, அதிலிருந்து எட்டுப் பத்து அட்டைக்கு மேல் போடாமல். கடைசிக் கால் மணி நேரம் மறுநாள் பேருந்துக்கு ஒரு கட்டு அட்டையை ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துவைப்பது. கோட்டையும் பாட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு. நடப்பு நிகழ்வுகளுக்கு இப்போதே அட்டை போட வேண்டாம் என்றேன், தேர்வுக்கு முந்தின இரண்டு மூன்று மாதத்தில் போட்டால் போதும். அவள் பேருந்தில் உட்கார இடம் கிடைக்காத நாட்களில் ஆங்கியையும் பார்க்கிறாள், அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

தேர்வுக்கு இருபது நாள்தான் இருக்கிறது என்று இப்போது விழிக்கிறவர்கள் டப்பாவையும் கோட்டையையும் மறந்துவிடுங்கள், அவற்றுக்கு முளைவிட நேரம் இல்லை. முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களை எடுத்து, தினம் ஒன்று மூன்று மணி நேரம் வைத்து எழுதி, தப்பான ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தில் பக்கத்தைத் தேடிப் பிடியுங்கள். இரண்டு தடவை தப்பியதை மட்டும் ஒரு நோட்டில் எழுதி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடையை மறைத்துக் கேட்டுப் பாருங்கள். ஒன்றரை மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் தாளை இரண்டாகப் பிரித்து, இன்றைக்குத் தமிழ், நாளைக்கு மற்றது.